கட்லாவின் சொந்த ஊர்

செய்தித்தாளின் நாமக்கல் பக்கத்தில் அடிக்கடி கட்டம் கட்டி வரும் ஒரு சின்னச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோகனூர் சாலையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இலவசப் பயிற்சி என்று இருக்கும். ஒரு தடவை நாட்டுக்கோழி, ஒரு தடவை வெள்ளாடு, அப்புறம் காளான், தேனீ. நடுவில் எப்போதாவது நன்னீர் மீன் வளர்ப்பு. படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறவன்தான் நானும்.

என் தங்கை மகன் ஒருவந்தூர்ப் பக்கம் தன் காட்டில் பண்ணைக் குட்டை வெட்டினான். அவனுக்குத் துணையாக அப்படி ஒரு மீன் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஏரி மீன்பாசி ஏலக் கோப்புகளோடு எனக்குப் பல வருஷப் பழக்கம். மீனைப் பற்றித் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. டீ இடைவேளையில் பக்கத்தில் இருந்த பெரியவர், "ஏனுங்க, இந்தக் கட்லா நம்ம காவேரி மீனுதானுங்களே?" என்று கேட்டார். சட்டென்று "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தது. தேடிப் படித்தேன். நான் சொன்னது தப்பு. அந்தப் பெரியவரை மறுபடி பார்க்க வாய்ப்பில்லை என்பதால், அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

கட்லா காவிரி மீன் அல்ல. கங்கை தொடங்கி கிருஷ்ணா வரைக்கும்தான் அதன் இயற்கையான இருப்பிடம். ரோகு, மிர்கால் இரண்டும் அப்படியே வடக்கத்தி மீன்கள். இன்று மோகனூர்ச் சந்தையில் கெண்டை என்று கேட்டால் தராசில் விழுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். இவை தானாக நீந்தி வரவில்லை. அரசாங்கம் செலவு செய்து கொண்டுவந்து விட்டது. அந்தக் கதை நூறு வருஷத்துக்கு மேல் நீளமானது.

காவிரிக்கென்று சொந்தக் கெண்டைகள் இருந்தன. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பெரிய நூல் ஒன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மீனின் படம், அளவு, கிடைக்கும் ஆறு இவற்றோடு உள்ளூர்ப் பெயரையும் எழுதி வைத்தார். வெண்கெண்டை என்ற நம் பெயர் அந்த நூலில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மிர்காலுக்கு நெருங்கிய உறவு அந்த மீன், ஆனால் தென்னாட்டு ஆற்றுக்குச் சொந்தமானது. ஆற்று மீன் குறைந்து வருகிறது, குஞ்சைக்கூட விடாமல் அரிக்கிறார்கள் என்று டே 1873-லேயே அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார். தோட்டா போடுவதையும் தண்ணீரில் விஷம் கலப்பதையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் அதற்குப் பிறகு 1897-ல்தான் வந்தது. (சட்டம் வந்து எழுபது எண்பது வருஷம் கழித்தும் எங்கள் ஊர் ஆற்று மடுவில் தோட்டாச் சத்தம் கேட்டிருக்கிறேன்.)

மீனுக்கென்று தனி அலுவலகம் 1907-ல் வந்தது. அதைத் தொடங்கிய சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் நம் பக்கத்துக்குப் புதியவர் அல்ல. கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு 1887-ல் வெளிவந்த கையேடு அவர் எழுதியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடிப்படையான அறிக்கையும் அவருடையதே. பணி ஓய்வுக்குப் பின் மீன்வளத்தைக் கையில் எடுத்தார். ஓய்வு பெற்றவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்! ஜப்பான் வரை போய்ப் பார்த்து வந்தார். ஆனால் அவர் கவனம் பெரும்பாலும் கடல்மேல்தான். எண்ணூரில் மீன் பதப்படுத்தும் சோதனை நிலையம், மேற்குக் கரையில் மீன் எண்ணெய், டப்பாவில் அடைப்பது என்று வேலை நடந்தது. உள்நாட்டு மீனுக்குக் கிடைத்த கவனம் குறைவு. அந்தத் துறையிலேயே இருந்த எச். சி. வில்சன் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை நிலைக்க வைத்தார். துரைமார்கள் தூண்டில் போட்டு மகிழ்ந்தார்கள். நம் சமவெளிக்கு அதனால் என்ன ஆதாயம் என்று கேட்கக் கூடாது.

அதே வில்சன் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொள்ளிடத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் உல்லம் மீனைப் பிடித்து, சினையை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்க முயன்றார். அணைக்கட்டுகளில் மீன் ஏறுவதற்கு வழியும் அமைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சொல்லிக்கொள்ளும்படி பலிக்கவில்லை. 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. வெள்ளம் அடங்கியது. அதற்குப் பிறகு காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு படுத்துவிட்டது.

அணை கட்டியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. சேலம் மாவட்டத்திலும் கீழே டெல்டாவிலும் அந்தத் தண்ணீரில் சோறு தின்றவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் நம் ஆற்றுக் கெண்டைகளுக்குப் புது வெள்ளம் வேண்டும். ஆனி, ஆடியில் செந்நிறமாகத் தண்ணீர் வரும்போது எதிர்த்து ஏறி, ஆழமில்லாத கரையோரத்தில் முட்டையிடும். வெள்ளம் வரும் நாளைக் கதவு தீர்மானிக்கத் தொடங்கியதும் மீனின் கணக்கு தப்பியது. அணைக்குப் பின்னால் கடல் போலத் தண்ணீர், அதில் வளர்க்க மீன் வேண்டும். கோதாவரி, கிருஷ்ணாப் பக்கம் அன்றைக்குச் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அங்கிருந்த கட்லா தெற்கே கொண்டுவரப்பட்டு மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நிலைபெற்றது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று சீக்கிரம் வளரும் மீன் அது. பெரிய தலை, பெரிய வாய். நம் சனங்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஏரி, குளத்தில் கெண்டை வளரும், ஆனால் முட்டையிடாது. இதுதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். தேங்கிய தண்ணீரில் பெண் மீனுக்குச் சினை பிடிக்கும், வயிறு பெருக்கும், அத்தோடு நின்றுவிடும். ஓடும் வெள்ளம் கொடுக்கும் ஏதோ ஒரு தூண்டுதல் இல்லாததால் சினை அப்படியே உள்ளே கரைந்துபோகும். ஆகவே மீன் வளர்க்க நினைப்பவர் ஆற்றில் வெள்ளக் காலத்தில் அரித்த குஞ்சை வாங்க வேண்டும். அதில் கட்லாக் குஞ்சு எது, வாளைக் குஞ்சு எது என்று பிரிக்க முடியாது. வாளை என்றால் மற்ற மீனைத் தின்று தீர்க்கும் ஜாதி. வங்காளத்தில் மண்பானையில் குஞ்சோடு ரயிலேறி, வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அலைத்துக்கொண்டே போவார்களாம். எத்தனை குஞ்சு உயிரோடு சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இதை மாற்றியது 1957 ஜூலை 10. ஒடிசாவில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கட்டக் கிளையில் வேலை பார்த்த ஹீராலால் சௌதுரி என்ற வங்காளி விஞ்ஞானியும், கூட இருந்த கே. எச். அலிகுஞ்ஞியும் கெண்டை மீன்களை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். மருந்து வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. இன்னொரு முதிர்ந்த கெண்டையின் தலையைத் திறந்தால் மூளைக்கு அடியில் பாசிப்பயற்றைவிடச் சிறிய ஒரு சுரப்பி இருக்கும். பிட்யூட்டரி என்பார்கள். அதை எடுத்து ஆல்கஹாலில் பாதுகாத்து, வேண்டும்போது அரைத்துத் தெளிவித்து, எடைக்கு ஏற்றபடி செலுத்துவது. பெண் மீனுக்குச் சாயங்காலம் குறைந்த அளவில் ஓர் ஊசி, சுமார் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஆண் மீனுக்கு அந்த இரண்டாம் வேளையில் ஒரே ஊசி. குளத்துக்குள் கொசுவலை போலக் கட்டிய துணித் தொட்டியில் விட்டால் விடிவதற்குள் முட்டை. ஒரு கிலோ எடைக்கு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும்.

பிரேசில்காரர்கள் 1934-லேயே தங்கள் ஊர் மீன்களில் இந்த வித்தையைச் செய்திருந்தார்கள். சௌதுரி செய்தது அதை நம் கெண்டைக்கு ஏற்ற அளவில், கிராமத்துக் குளத்தங்கரையிலேயே செய்யக்கூடிய முறையாக மாற்றியது. இப்போது அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமாக நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். நெல்லுக்கு ஐ.ஆர். 8 வந்த கதை நம் தலைமுறைக்கு மனப்பாடம். மீனுக்கு அதைவிட முன்பே அப்படி ஒன்று நடந்தது நமக்குத் தெரியாமல் போனது ஏன் என்று புரியவில்லை. ஒருவேளை அதற்கு எண் போட்ட பெயர் இல்லாததால் இருக்கலாம்.

குஞ்சு கைக்கு வந்தபின் அடுத்த கேள்வி, ஒரே குளத்தில் எதை எதை, எத்தனை விடுவது என்பது. பாங்காக்கிலிருந்து சாதாக் கெண்டை 1957-லும், ஜப்பானிலிருந்து வெள்ளிக் கெண்டையும் ஹாங்காங்கிலிருந்து புல் கெண்டையும் 1959-லும் வந்தன. கட்லாவும் வெள்ளியும் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் சேற்றைக் கிளறும். புல் கெண்டைக்கு நாம் மாட்டுக்குப் போடுவது போல வேலம்பாசியோ புல்லோ வெட்டிப் போட வேண்டும். ஒன்றின் இரையில் இன்னொன்று கை வைக்காது. 1971-ல் அகில இந்திய அளவில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் இதைச் சோதித்தார்கள். சில நூறு கிலோவுக்கே தடுமாறிய குளங்களில் ஹெக்டேருக்கு 3 டன்னுக்கும் மேல் எடுத்துக் காட்டினார்கள். ஏக்கருக்கு 2,000 குஞ்சு, கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி, வேண்டாத மீனை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு என்று இன்றைக்கும் வகுப்பில் சொல்வது அந்தச் சோதனைகளில் தேறிய கணக்குதான். பயிற்சிக்கு வந்தவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டபோது, அந்த 2,000 என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனை பேரின் எத்தனை வருஷம் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. பவானிசாகரில் மாநில மீன்வளத் துறைக்கு நன்னீர் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஏ. சீனிவாசன் என்பவர் மேட்டூர், பவானிசாகர், அமராவதி அணைத் தண்ணீரை மாதாமாதம் எடுத்துப் பார்த்து, அதில் எவ்வளவு பாசி விளைகிறது, அது எவ்வளவு மீனைத் தாங்கும் என்று 1960-களில் எழுதினார். வெளிநாட்டு அறிஞர்கள் எடுத்துக் காட்டும் கட்டுரைகள் அவை. ஈரோட்டிலோ சேலத்திலோ அவர் பெயரைச் சொன்னால் யாருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

எல்லாமே நல்லதாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்த திலேப்பியா, நம் வாயில் ஜிலேபிக் கெண்டையாகி, குளம் குளமாகப் பரவியது. அதற்கு ஊசி வேண்டாம், வெள்ளம் வேண்டாம். வாயிலேயே முட்டையை வைத்துக் காப்பாற்றும். பெருகிப் பெருகி விரல் அளவிலேயே நின்றுவிடும். அமராவதி அணை அதன் ராஜ்யமே ஆனது. விட்டதும் அரசாங்கம், பிறகு அதைக் கட்டுப்படுத்த வழி தேடியதும் அரசாங்கம்.

சரி, வித்தை கையில் இருந்தது. ஏரியில் ஏன் மீன் வளரவில்லை? இங்கேதான் என் கோப்புகள் பேச வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒன்றியத்தில் (பெயர் வேண்டாம்) மீன்பாசி ஏலம் வருஷத்துக்கு ஒரு தடவை. மழை பெய்து ஏரி நிரம்பினால் போட்டி. காய்ந்தால் கேட்க ஆள் இல்லை. எடுத்தவருக்கு அடுத்த வருஷம் அதே ஏரி கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. அப்படி இருக்கும்போது நல்ல குஞ்சுக்கு அவர் ஏன் பணம் போடுவார்? விலை குறைந்த நுண்குஞ்சை ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் வாங்கிவந்து நேராக ஏரியில் கொட்டுவார். கொசு முட்டை அளவு குஞ்சு. விராலும் தவளையும் நீர்ப்பாம்பும் அன்றைக்கே விருந்து சாப்பிட்டுவிடும். கோப்பில் மட்டும் "குஞ்சு இருப்பு செய்யப்பட்டது" என்று இருக்கும். அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

விரல் நீளம் வளர்ந்த விரலிகளை விட்டால்தான் பிழைக்கும் என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் நமக்குத் தெளிவாகவே காட்டியிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அணையில் மத்திய நிலையத்தின் ஆலோசனைப்படி, எண்ணிக்கையைக் குறைத்து, பெரிய குஞ்சாக விட்டு, சின்ன மீனைப் பிடிக்காமல் விட்டுவைத்தார்கள். ஹெக்டேருக்குச் சொற்பமாக இருந்த பிடிப்பு 194 கிலோ வரை போனது. புதுக் கருவி எதுவும் இல்லை. பொறுமைதான். 1973-74-ல் தொடங்கிய மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகளின் திட்டத்திலும் ஏரியைப் பல வருஷக் குத்தகைக்குக் கொடுங்கள் என்பது முக்கியமான பகுதி. எங்கள் மேசைக்கு அந்தச் சுற்றறிக்கை வந்தது. வருஷா வருஷம் ஏலம் விட்டால்தான் வருமானம் கூடும் என்று மேலே ஒருவர் குறிப்பு எழுத, கீழே நாங்கள் கையெழுத்துப் போட்டோம். ஆராய்ச்சிக் கூடத்துக்குச் செலவான பணத்தை வீண் என்று யாராவது பேசினால் எனக்கு இந்தக் குறிப்புத்தான் நினைவுக்கு வரும். வீணானது அங்கே இல்லை. குஞ்சுக்கும் ஏரிக்கும் இடையில் இருந்த நாலு மேசைகளில்.

கற்றுக்கொடுக்கும் வேலைக்குத் தனி நிலையம் வேண்டும் என்ற யோசனை மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரையால் உருவம் பெற்றது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. செலவு முழுக்க மத்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடையது. பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. கையால் செய்து பழகிக்கொண்டு போகலாம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல், நாமக்கல் கால்நடைக் கல்லூரி 1985-ல். இரண்டும் முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள். 1989-ல் கால்நடைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்தபோது மீனும் கோழியும் ஒரே வீட்டுக்குப் போயின. 2012-ல் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் வந்து மீன் தனிக்குடித்தனம் போய்விட்டது. ஆனாலும் கோழிக் கல்லூரியில் மீன் வகுப்பு நடப்பது நமக்குப் பொருத்தம்தான். ஹெக்டேர் குளத்துக்கு 500, 600 கோழியின் எச்சம் போதும், வேறு உரம் வேண்டாம் என்பது ஆராய்ச்சிக் கணக்கு. எச்சத்துக்கு நாமக்கல்லில் பஞ்சமா!

இதற்கு எதிர்ப்பக்கமும் நம் ஊர்களில் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி எந்த ஆராய்ச்சி நிலையமும் சொல்லாமல், கள்ளத்தனமாக எல்லை தாண்டி நாட்டுக்குள் வந்த மீன். கோழிக்கடைக் கழிவைப் போட்டால் மளமளவென்று வளரும். தடை செய்யப்பட்டது, ஆனாலும் அங்கங்கே குட்டையில் வளர்த்து, அதிகாரிகள் வந்து அழிப்பதாக அவ்வப்போது படிக்கிறோம். தப்பித்து ஆற்றில் இறங்கினால் மற்ற மீனுக்குக் காலன். அதை வளர்க்க யாரும் பயிற்சி வைக்கவில்லை. லாபம் தானே கற்றுக்கொடுத்தது.

தங்கை மகனின் குட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் வருஷம் ஒரு இடத்தில் வாங்கிய குஞ்சில் பாதிக்குமேல் மறுநாளே மிதந்தது. பையை அப்படியே அவிழ்த்துக் கொட்டாமல், குளத்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டுச் சூடு சமமான பிறகு விட வேண்டும் என்பது வகுப்பில் சொன்னதுதான். வெயில் ஏறிவிட்டது என்று அவசரப்பட்டான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டாம் வருஷம் விரலியாக வாங்கி, விடிகாலையில் விட்டான். பத்து மாதத்தில் கட்லா முக்கால் கிலோ தாண்டியது. வீட்டுக்கு ஒரு மீன் கொடுத்தனுப்பினான்.

வெண்கெண்டைக்குத்தான் இப்படி யாரும் இல்லை. உலக அளவில் ஆபத்தில் இருக்கும் மீன்களின் பட்டியலில் அதன் பெயர் ஏறிவிட்டது. அணை, மணல் அள்ளியது, மேலே பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையத்திலிருந்து வந்த சாயத் தண்ணீர், வருஷா வருஷம் ஆற்றில் விட்ட வடக்கத்திக் குஞ்சு என்று காரணம் பல. கட்லாவுக்கு ஊசி போடத் தெரிந்த நாட்டில் இதற்கும் போட முடியாதா என்றால் முடியும், உறவுக்கார மீன்தானே. அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும். குட்டை வைத்திருப்பவர் சீக்கிரம் எடை ஏறும் மீனைத்தான் கேட்பார். ஆற்றுக்காகக் கேட்பது யார் வேலை?

போன ஆடிப் பதினெட்டு அன்று நவலடியான் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் தாராளமாக வந்தது. பெரிய அலுமினியச் சட்டியில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம், "வெண்கெண்டை இருக்குதாம்மா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பாரு காலத்துப் பேரு சொல்றீங்க. இது கட்லாங்க. மேட்டூரு மீனு, ஆந்திரா ஐஸ் மீனு இல்லை. வெட்டட்டுங்களா?" என்றார்.

வெட்டச் சொன்னேன்.